முருங்கை மரம் வாங்கிய திட்டு

காது டாக்டரிடம் திட்டு வாங்காத ஆள் எங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால், அவரிடம் மாடு இல்லை என்று அர்த்தம். மாடு இல்லாதவர்களிலும் பாதிப் பேர் வாங்கியிருக்கிறார்கள். நானே வாங்கியிருக்கிறேன். ஒருமுறை ஆந்திராப் பக்கம் போய்க்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர், வழி கேட்க வண்டியை நிறுத்திய பாவத்துக்கு வாங்கினார்.

"வெயில்ல மாடு ஏத்திக்கினு போறியே, அதுங்களுக்குத் தண்ணி காட்டினியாய்யா?"

"மேடம், உள்ள இருக்கறது சிமெண்ட்டு மூட்டை."

"அப்ப நீயாவது தண்ணி குடிச்சியா? மூஞ்சப் பாரு, வாடிப் போய் கீது. போ, மொதல்ல குடி!"

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். ஊர் முனையில் மாட்டு ஆஸ்பத்திரி. அதற்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ் எடுக்க யாரும் வராத நாட்களிலும் நான் கடையை மூடியதில்லை. எதிர்ப்பக்கம் காசில்லாமல் ஒரு நாடகம் நடக்கும்போது எவன் மூடுவான்?

டாக்டரம்மாவுக்குக் கடம்பத்தூர்தான் சொந்த ஊர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று வாசல் பலகையில் இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. எந்த மாடு வந்தாலும், என்ன குறை சொன்னாலும், அவர் முதலில் அதன் காதுக்குத்தான் போவார். காது நுனியில் ஊசியால் ஒரு குத்து. வரும் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வாங்கி, இன்னொரு கண்ணாடியால் நீர்தோசை போல மெலிசாக இழுப்பார். காயவைத்து, ஊதா சாயத்தில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அவ்வளவுதான், உலகமே மறந்துவிடும். அதனால் காது டாக்டர். இந்தப் பெயரை நம்பி, ரிட்டையர் ஆன கண்டக்டர் ஒருவர் நிஜமாகவே காதுவலி என்று வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எட்டிப் பார்த்து, "நாலு காலு இருந்தா உள்ள வா. ரெண்டு காலுன்னா பஸ் ஏறி கும்மிடிப்பூண்டிக்குப் போ" என்றார்.

அவரிடம் வினோதங்களுக்குப் பஞ்சமே இல்லை. முதலாவது, ஹெல்மெட். எப்போதோ ஒரு எருமை முட்டியதிலிருந்து அதைத் தலையை விட்டு இறக்குவதில்லை. ஸ்கூட்டியில் மட்டுமில்லை, மாட்டுக்கொட்டகையில், ஆஸ்பத்திரி நாற்காலியில், கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில்கூட ஹெல்மெட்தான் என்று பேச்சு. திருவள்ளூருக்கு நான் அவரோடு போனதில்லை, ஆனால் நம்புகிறேன். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி இறங்கியிருந்தால் ஊருக்கு நல்ல நேரம். கண்ணாடியை மேலே தூக்கினால் திட்டு புறப்படப் போகிறது என்று தெரிந்துகொண்டு, கூட்டத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு அடி பின்னால் நகர்வார்கள்.

இரண்டாவது, அந்த மைக்ராஸ்கோப். கரண்டு வேண்டாத பழைய ரகம். அடியில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி இருக்கும், அதைச் சூரியன் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். பழைய நைட்டித் துணியில் உறை தைத்துப் போட்டு, ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் நிற்கவைத்து, பெல்ட் போட்டுக் கட்டி வருவார். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வார். தன் இடுப்பை அப்படிப் பிடித்ததில்லை.

மூன்றாவதுதான் ஊரையே ஆட்டிவைத்தது. பூச்சியைக் கண்ணால் பார்க்காமல் ஊசி போடமாட்டார். எங்கள் ஊர் நியாயம் இதற்கு நேர் எதிர். டாக்டர் வந்தால் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் அவர் டாக்டர் இல்லை, விருந்தாளி. யாராவது முணுமுணுத்தால் கண்ணாடி மேலே போகும்.

"காய்ச்சல்னா எல்லாம் ஒரே காய்ச்சலாய்யா? உண்ணி கடிச்சா ரத்தத்துல பூச்சி பூந்துக்கும். ஒரு பூச்சி மூத்திரத்த கடுங்காப்பி கலராக்கும். ஒரு பூச்சி நெறி கட்ட வெக்கும். ஒண்ணுக்குப் போடற மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது. எவன் உள்ள உக்காந்துக்கினு கீறான்னு தெரியாம எவன அடிக்கிறது?"

அதோடு விடுவாரா? பூச்சி கிடைத்ததும் மாட்டுக்காரரும் பார்த்தே ஆக வேண்டும். டீக்கடை நைனாவின் பசுவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவரைக் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்தார். நைனா ஒற்றைக் கண்ணை வைத்தவர் அலறினார்.

"அம்மோ! இன்னாம்மா இது, கம்பளிப்பூச்சி சைசுல ஆடுதே!"

"அது உன் கண்ணு முடி நைனா!"

நைனா கொஞ்சம் யோசித்தார். "இருக்கட்டும்மா. அதுக்கும் சேத்து ஒரு ஊசி போட்டுடு."

இப்படி அந்த மைக்ராஸ்கோப்பில் எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்ததை எல்லாம் தொகுத்தால் ஒரு புராணமே எழுதலாம். ஒருத்தர் வேல் பார்த்தார். ஒருத்தர் இந்தியா மேப் பார்த்தார். பூச்சியைப் பார்த்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. பயத்தில் எல்லாரும் "தெரியுது மேடம், நல்லா தெரியுது" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தார்கள்.

சிக்கலே இந்தப் பயத்தில்தான். "மாட்டு மேல உண்ணி இருக்குதா?" என்று அவர் கேட்பார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணுக்குப் பேன் இருக்கிறதா என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எங்கள் ஜனங்களுக்கு இருந்தது. அதனால் டாக்டரம்மா வருகிறார் என்று தெரிந்ததும் குடும்பமே உட்கார்ந்து உண்ணியைப் பொறுக்கி, மாட்டைத் தேய்த்துக் குளிப்பாட்டி, ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்கும். அவர் திட்டத் திட்ட இவர்கள் மறைத்தார்கள். இவர்கள் மறைக்க மறைக்க அவர் திட்டினார். நடுவில் மாடுதான் பேஜாரில் மாட்டிக்கொண்டது.

எங்கள் அக்கா வீட்டு ரோஸிக்கு நடந்தது அதுதான்.

அக்கா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் பல வருஷம் பாத்திரம் தேய்த்தவள். முட்டி தேய்ந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு ஒரு ஜெர்ஸி கலப்புப் பசுவை வாங்கினாள். அவள் வாழ்க்கையில் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் ரோஸிதான். பொருள் என்று எழுதுவதை அவள் பார்த்தால் எனக்குச் சோறு கிடையாது. ரோஸி கன்று போட்ட அன்று சர்ச்சில் சாக்லேட் கொடுத்தாள். அவள் பையன் பிறந்தபோதுகூட வெறும் கல்கண்டுதான்.

கன்று போட்ட கொஞ்ச நாளில் ரோஸி தீனி எடுப்பதை நிறுத்தியது. மூச்சு வாங்கியது. கண்ணோரம் நீர் வழிந்தது. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர், என்னை அனுப்பி டாக்டரை அழைத்துவரச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கூட்டம் கலையும்வரை காத்திருந்து நான் அவரை அழைத்துவருவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் திருப்பணியை முடித்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்க்கிறேன், ரோஸி கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புறப்பட்டதுபோல் நிற்கிறது. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் பவுடர்கூடப் போட்டிருந்தாள் அக்கா.

டாக்டர் சுற்றிவந்தார். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது.

"உண்ணி?"

"ஐயே, எங்க ரோஸிக்கா? சத்தியமா கெடையாது டாக்டரம்மா" என்றாள் அக்கா.

"வேற யாருனா ஊசி போட்டாங்களா?"

"நாங்க அப்டிலாம் பண்ணுவமா மேடம்?" என்றார் மாமா.

தெர்மாமீட்டர் வைத்தார். காய்ச்சல் இல்லை. தோளுக்கு முன்னால் கையை வைத்து அழுத்தினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. கையை எடுத்தால் கை முழுக்கப் பவுடர்.

"இந்த வீக்கம் இன்னா?"

"கயிறு ஒராஞ்சது மேடம்."

காதைக் குத்தி ரத்தம் எடுத்தார். முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு, மைக்ராஸ்கோப்பை வைத்து, சூரியனைப் பிடித்தார். சாயத்தில் ஊறிய கண்ணாடித் துண்டைக் கழுவி வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஹெல்மெட் மைக்ராஸ்கோப் குழாயில் இடித்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. லென்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும் என்று பையைத் துழாவியபோது, அக்கா ஓடிப்போய் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு வந்தாள். அதற்குக்கூட அவர் திட்டவில்லை.

மதியம் தாண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ரோஸி முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது. கன்று போய் முட்டினாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு ஊசியப் போட்டு உடுங்க மேடம், ஏதோ ஒண்ணு" என்றார் மாமா.

"ஏதோ ஒண்ணப் போட்டா ஏதோ ஒண்ணுதான் நடக்கும்" என்றார் டாக்டர். பிறகு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உண்ணி இல்ல. காய்ச்சல் இல்ல. ரத்தத்துல பூச்சி இல்ல. நீங்க சொல்றதெல்லாம் நெஜம்னா இந்த மாட்டுக்கு ஒரு நோயும் இல்ல. ஆனா அது செத்துக்கினு கீது."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது டாக்டர் ஒரு காரியம் செய்தார். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் பார்த்திராத காரியம். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

உள்ளே நரைத்த, வேர்வையில் ஒட்டிய தலை. எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு இருக்கும் அதே சாதாரணத் தலைதான். ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் சாணி மெழுகிய தரையிலேயே உட்கார்ந்தார்.

"நான் திட்டுவேன்னுதான பொய் சொல்றீங்க? இன்னிக்குத் திட்ட மாட்டேன். கர்த்தர் மேல சத்தியம்னு உங்க ஊட்டு வழக்கப்படியே சொல்றேன். மண்டையக் குடுத்துட்டேன் பாரு, வேணும்னா நீ ரெண்டு போடு. ஆனா நெஜத்தச் சொல்லும்மா."

அக்கா உடைந்துவிட்டாள். அழுதுகொண்டே ஒரே மூச்சில் கொட்டினாள். "உண்ணி இருந்துச்சு டாக்டரம்மா, காதுக்குள்ள, தொடையிடுக்குல, மடிகிட்ட, கொத்து கொத்தா இருந்துச்சு. எல்லாத்தையும் பொறுக்கி மண்ணெண்ணெயில போட்டுட்டேன். காலையில ஒடம்பு நெருப்பா கொதிச்சுது. நீங்க வர்றதுக்குள்ள நல்லா தெரியணும்னு இவரு பக்கத்து ஊரு ஆளக் கூப்ட்டு காய்ச்சலுக்கு ஊசி போட்டாரு. நெறி கட்டி நாலஞ்சு நாளாவுது. கயிறும் இல்ல ஒரு மண்ணும் இல்ல."

டாக்டரின் முகம் மெல்லச் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. சத்தியம் செய்தாயிற்றே! எழுந்தார். கொட்டகையை ஒரு சுற்று சுற்றினார். துப்பட்டா நுனியைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போய், அங்கே நின்ற முருங்கை மரத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன்யா, உனக்கு மூள கீதா?" என்று மரத்தைப் பார்த்து ஆரம்பித்தார். "காய்ச்சல அமுக்கிட்டு, உண்ணியக் கழுவிட்டு, பவுடரு போட்டுக் காட்டறியே, இது மாடா, மணப்பொண்ணா? பொய் சொல்றியே, பூச்சி உன் பொய்யக் கேட்டுக்கினு வெளிய வந்துடுமா? கம்பெனியில மிஷின் ரிப்பேருன்னா இப்டித்தான் பெயிண்ட் அடிச்சுக் காட்டுவியா? வளந்து கீறியே இவ்ளோ ஒசரம், எதுக்கு?"

பாவம் முருங்கை. அதன் ஆயுளில் அது செய்த தப்பு காற்றடித்தால் ஒடிவது ஒன்றுதான். மாமா பின்னால் தள்ளி நின்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா மேடம், ஆமா மேடம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மரத்திலிருந்து பூக்கூட உதிர்ந்தது.

திட்டி முடித்ததும் டாக்டர் முகத்தைக் கழுவிக்கொண்டு, சாந்த சொரூபியாக வந்தார். "உண்ணி, காய்ச்சல், நெறி மூணும் சேந்தா காதுல கெடைக்காது. நெறிக்குள்ள கீறான்" என்றார். காது டாக்டர் காதை விட்டு இறங்கியது அன்றைக்குத்தான். நெறிக்குள் ஊசியை விட்டு ஒரு சொட்டு எடுத்து, இழுத்து, சாயம் போட்டார். அது ஊறுவதற்குள் வானம் மூடிக்கொண்டது. கண்ணாடியில் பிடிக்கச் சூரியன் இல்லை.

"வண்டியக் கொண்டா" என்று மாமாவுக்கு உத்தரவு வந்தது. மாமா பைக்கை முற்றத்துக்குள் ஏற்றி, ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டை மைக்ராஸ்கோப் பக்கம் திருப்பினார். வெளிச்சம் மங்கும்போதெல்லாம் "முறுக்கு, முறுக்கு" என்று டாக்டர் கத்த, மாமா ஆக்சிலேட்டரை முறுக்க, தெருவே புகை. மேலே ஹெல்மெட் இல்லாததால் இந்தமுறை டொக் சத்தம் இல்லை.

"ஏம்மா, இங்க வா" என்று அக்காவை அழைத்தார்.

அக்கா குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நானோ, அடுத்த புராணம் என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

"பெருசு பெருசா உருண்ட இருக்குது. அதுல ஒண்ணுக்குள்ள மட்டும், நாவப்பழத்தக் கால்ல மிதிச்சாப்ல, ஊதாவா பொடிப்பொடியா இருக்குது. இதானா டாக்டரம்மா? இவனா என் ரோஸியத் துன்றான்?"

டாக்டர் குழந்தை மாதிரிக் கையைத் தட்டிவிட்டார். "பாத்துட்டியே! நீ பாத்துட்டம்மா! இத்தினி வருஷத்துல மொத ஆளு நீதான்!" மாடு பிழைக்குமா என்று தவித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, நடுவில் இது என்ன கொண்டாட்டம் என்று எரிச்சலாக வந்தது. அடுத்த நிமிஷம் அவர் ஸ்கூட்டிப் பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்தார்.

"மருந்தப் பொட்டியிலயே வெச்சிக்கினுதான் இவ்ளோ நேரமா?" என்றார் மாமா, பொறுக்காமல்.

"இந்தப் பொட்டியில மூணு பூச்சிக்கு மூணு மருந்து கீது. நீ பொய் சொன்ன வரைக்கும் மூணும் தண்ணிதான்" என்றவர், சத்தியம் ஞாபகம் வந்து, பாதியில் முருங்கை மரத்தைப் பார்த்து முறைத்தார்.

கழுத்தில் ஊசி போட்டார். அக்கா கொடுத்த டீயை வாங்கிக் குடித்தார். எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்காதவர் அவர். கிளம்பும்போது, "பொழைக்கும்னு இப்பவே சொல்ல மாட்டேன். அசை போட்டா சொல்லு" என்றார். போன வேகத்தில் ஹெல்மெட்டை எங்கள் கொட்டகையிலேயே மறந்துவிட்டார். கொட்டகை, ஆபீஸ் எல்லா இடத்திலும் ஹெல்மெட்டோடு திரிந்தவரை, ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காக அன்றைக்குத்தான் ரோட்டில் போலீஸ்காரர் மடக்கினார். மடக்கியவருக்கு அன்று என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாளும் ரோஸி படுத்தேதான் கிடந்தது. டாக்டர் வந்தார், பார்த்தார், போனார். அக்கா கொட்டகையிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த நாள் காலை, நான் நாஷ்டாவுக்கு உட்காரும்போது கொல்லையிலிருந்து ஒரு கூச்சல். இட்லியை விட்டுவிட்டு ஓடினேன். ரோஸி படுத்தபடியே வாயைப் பக்கவாட்டில் அசைத்து, ஊர் வம்பு எதுவும் தனக்குத் தேவையில்லை என்கிற மாதிரி, நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா முருங்கை மரத்தில் சாய்ந்துகொண்டு அழுதார். நான் எதிலும் சாயாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு புது வழக்கம் வந்தது. டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய வீட்டில், முதலில் மரத்தைக் காட்டிவிடுவார்கள். "டாக்டரம்மா, ஒரு விசயம் சொல்லணும். வேப்ப மரம் அந்தாண்ட கீது." அவரும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, நேராக மரத்திடம் போய்க் கொட்டிவிட்டு வருவார். மரம் இல்லாத நைனா, கடை வாசலில் இருந்த லைட் கம்பத்தை ஒதுக்கிக்கொடுத்தார். உண்ணியைப் பொறுக்கி ஒளித்தவர்கள், அதையே ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவந்து காட்ட ஆரம்பித்தார்கள். மாடுகள் பிழைத்தன.

இப்போது அவர் மாற்றலாகி, சொந்த ஊரான கடம்பத்தூர்ப் பக்கமே போய்விட்டார். இங்கே வந்திருக்கும் புது டாக்டர் தங்கமான பிள்ளை. அவரும் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் ஊசி போடுகிறார். எதைச் சொன்னாலும் சிரிக்கிறார். அக்காவுக்குத்தான் திருப்தி இல்லை. "இன்னாடா இவரு, திட்டவே மாட்டேன்றாரு. மாட்டு மேல அக்கற இல்லியோ?"

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் காது டாக்டரிடமிருந்து போன். பின்னால் ரயில் ஓடும் சத்தம். ரோஸியின் காய்ச்சல், தீனி, காது எல்லாம் விசாரித்து முடித்தார். அக்கா போனை வைக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.

"டாக்டரம்மா, போன வாரம் ரெண்டு உண்ணி இருந்துச்சு. பாத்தும் பாக்காத மாதிரி ஒரு நாள் உட்டுட்டேன்" என்றாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ரோஸி மேல் ஓர் உண்ணி உட்கார்ந்தால் அக்கா அன்றைக்குச் சாப்பிடமாட்டாள்.

"எங்க நிக்கற?" என்றது டாக்டரின் குரல்.

"மரத்தாண்டதான்" என்று அக்கா போனை முருங்கைக்கு நேராகப் பிடித்தாள்.

திட்டு தொடங்கியது. மாமா மரத்துக்கு ஒரு பக்கமும் நான் இன்னொரு பக்கமும் போய் ஒட்டி நின்றுகொண்டோம், எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று.